அக்காவின் சூரியன் பின்னோக்கிச் சுற்றியது

மின்னஞ்சலின் முதல் வரியை மூன்று முறை படித்தேன். ‘உங்கள் அக்கா வரைந்த படங்களில் சூரியன் பின்னோக்கிச் சுற்றுகிறது.’

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்தபடியே, “என்னடி, சேத்துக்கிட்டாங்களா?” என்றாள்.

“இரு, இன்னும் படிக்கறேன்.”

படித்து முடித்திருந்தேன். இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் நகரத்தில் சூரியனைத் தொலைநோக்கியில் பார்த்து வரைகிறவர்களின் குழு ஒன்று இருக்கிறது. யாருக்கும் அது தொழில் இல்லை. ஒருவர் பஸ் ஓட்டுகிறார், ஒருவர் கணக்கு டீச்சர், குழுவை நடத்துகிறவர் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. தினமும் கொஞ்ச நேரம் சூரியனைப் பார்ப்பார்கள். வட்டம் அச்சடித்த ஒரு தாளில் அன்றைக்குத் தெரிந்த கரும்புள்ளிகளையும் ஓரத்தில் எழும் பிழம்புகளையும் வரைந்து நேரத்தைக் குறிப்பார்கள். அவை குழுவின் பதிவேட்டில் ஏறும். புதிதாகச் சேர விரும்புகிறவர் பதினோரு மாதம் வரைய வேண்டும். அதன் முடிவில் அவர் படங்களை மொத்தமாகச் சரிபார்ப்பார்கள். தேறினால் அத்தனையும் பதிவேட்டுக்குப் போகும், தேறாவிட்டால் அத்தனையும் திரும்பி வரும்.

அக்கா இருநூற்றுத் தொண்ணூற்றொரு படங்கள் வரைந்திருந்தாள். மாதக் கடைசியில் அவற்றை ஸ்கேன் செய்து அனுப்பியது நான்.

சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் மேல் இருக்கும் ஒரு புள்ளி ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்து, நாளுக்கு நாள் நகர்ந்து, இரண்டு வாரத்தில் மறு ஓரத்தில் மறையும். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்பது மாறவே மாறாது. எங்கள் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு சாய்ந்த கண்ணாடி இருக்கிறது. கழுத்து ஒடியாமல் குனிந்து பார்க்க அது வசதி. ஆனால் கண்ணாடி என்பதால் இடம் வலமாகிவிடும். அதற்காகக் குழு ஒரு விதி வைத்திருந்தது: தெரிவதைத் தெரிகிறபடியே வரையுங்கள், திருப்பிக்கொள்வது எங்கள் வேலை. அப்படி அக்காவின் படங்களைத் திருப்பினால் புள்ளிகளெல்லாம் எதிர்த்திசையில் நடக்கின்றன.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மின்னஞ்சலின் அடுத்த பத்தி இப்படி இருந்தது: ‘திருப்பாமல் வைத்துப் பார்த்தால், இவை இணையத்தில் தினமும் வெளியாகும் செயற்கைக்கோள் படங்களுடன் அப்படியே பொருந்துகின்றன. கண்ணாடி வழியே பார்த்தவருக்கு இது நேர வாய்ப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவரையும் தொலைநோக்கியையும் அழைத்து வாருங்கள்.’

நாசூக்காகத்தான் எழுதியிருந்தார்கள். அர்த்தம் ஒன்றுதான்: பார்த்து வரையவில்லை, இணையத்தைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. இயற்பியல். கண்ணாடியில் இடம் வலமாவதைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். இப்போது ஒரு டியூஷன் சென்டரில் அதையே சொல்லிக்கொடுக்கிறேன், வேறு வேலைக்கும் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். மின்னஞ்சலைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த நினைவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் செயற்கைக்கோள் தளத்தை அக்காவின் போனில் திறந்து காட்டியதே நான்தான்.

“அக்கா,” என்றேன். “நீ அந்த வெப்சைட்டைப் பாத்து எப்பவாவது… ஏதாவது சந்தேகம் வந்தா, சும்மா ஒரு தடவை…”

ஊசி நின்றது.

“என்ன கேக்கறே?”

திரையைத் திருப்பிக் காட்டினேன். உதடு அசைய மெதுவாகப் படித்தாள். பிறகு தைத்த சட்டையை மடித்து என் மடியில் வைத்தாள்.

“பதினோரு மாசம் மொட்டை மாடியில நின்னு என் மூக்கு கறுத்துப் போச்சே, அது நெட்டைப் பாத்தா கறுத்துது?” என்றாள். “அவங்களுக்கு என்னைத் தெரியாது, கேக்கறாங்க. உனக்கு என்னடி?”

அதன் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

*

அக்காவுக்கு முப்பத்து மூன்று வயது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடையில் சேர்ந்தாள். அப்பாவுக்கு முதுகெலும்பில் அடிபட்டு அவர் படுத்த வருடம் அது. நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அங்கேயே இருந்துவிட்டாள். கடை ஒரு நகலெடுக்கும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஆள் நுழைந்தால் திரும்ப இடமில்லாத அகலத்தில் இருக்கிறது. பெயரும் விலாசமும் உள்ள சாதாரண ஸ்டாம்புகளை இப்போது இயந்திரம் செய்கிறது. கையெழுத்து, சின்னம், கொடி பூ வேலை, பைகளிலும் பெட்டிகளிலும் அடிக்கும் பெரிய அச்சு எல்லாம் அக்காவிடம் வரும். ரப்பர் பலகையில் பென்சிலால்கூடக் கோடு போடாமல் நேராகக் கத்தியை வைப்பாள். ஸ்டாம்பில் எல்லாம் திருப்பி இருக்க வேண்டும், அப்போதுதான் தாளில் நேராக விழும். மற்றவர்கள் கண்ணாடி வைத்துச் சரிபார்ப்பார்கள். அக்காவுக்கு அது தேவைப்பட்டதில்லை.

“உங்க அக்கா கை இருக்கே, அது ஒரு மிஷினு,” என்பார் முதலாளி. “என்ன, மிஷினு எதிர்த்துப் பேசாது.”

தொலைநோக்கி வந்த கதை சுருக்கமானது. ஒரு பள்ளிக்கூடம் ஆசிரியர்களுக்காக ‘மிக நன்று’, ‘கையெழுத்தைத் திருத்துக’ என்று நாற்பது ஸ்டாம்புகள் கேட்டது. கொடுக்கப் போனவள் அங்கே ஆய்வக அலமாரியைக் காலி செய்வதைப் பார்த்தாள். குப்பைக்குப் போகவிருந்த பெட்டியில் தங்க நிறத்தில் முழங்கை நீளக் குழாய் ஒன்று. யாரோ நன்கொடை கொடுத்து, யாருக்கும் பயன்படுத்தத் தெரியாமல் ஏழு வருடம் உறங்கியது. “சூரியனைப் பாக்கறதுக்காம். இதுல ராத்திரி ஒண்ணும் தெரியாது. யாருக்கு வேணும்?” என்றார் ஆய்வக உதவியாளர். “எனக்கு வேணும்,” என்றாள் அக்கா. ஏன் சொன்னாள் என்று பிற்பாடு கேட்டேன். “பெட்டி நல்லா இருந்துச்சு,” என்றாள்.

நான் அன்று கொஞ்சம் பந்தா செய்தேன். சாதாரணத் தொலைநோக்கியில் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும், இதன் உள்ளே சிறப்பு வடிகட்டி இருக்கிறது, சிவப்பில் ஒரே ஒரு மெல்லிய நிறத்தை மட்டும் விடும் என்று பாடம் எடுத்தேன். குழாயின் வடிகட்டி உடையாமல் இருக்கிறதா என்று கண்ணாடிக் கடைக்காரரிடம் காட்டி உறுதி செய்துகொண்டோம். அடுத்த நாள் மதியம் கடையின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு அக்கா குனிந்தாள்.

பிறகு துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஏய்… இது உயிரோட இருக்குடி!”

நான் பார்த்தேன். நமக்குத் தெரிந்த வெள்ளை வெயில் எங்கும் இல்லை. கருங்கறுப்பில் தொங்கும் அடர் சிவப்பு உருண்டை, அதன் தோல் முழுக்கச் சொரசொரவென்று நெளி நெளியாக. ஓரத்தில் ஒரு சின்னத் தீக்கொழுந்து எழுந்து வளைந்து மறுபடி உள்ளே இறங்கியிருந்தது. அந்த வளைவுக்குக் கீழே நம் பூமி சர்வசாதாரணமாக நுழைந்து போகும் என்றேன். அக்கா என் தோளை நகர்த்தி மறுபடி குனிந்தாள். அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அதிலிருந்து தினமும் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அவள் மாடியில் இருப்பாள். கீழே கடையில் வாடிக்கையாளர் நின்றால் முதலாளியே, “இருங்க, சூரியனுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு வருவா,” என்று சொல்ல ஆரம்பித்தார். அம்மா ஒரு ஓட்டலின் சலவைப் பகுதியில் இஸ்திரி போடுகிறாள். வெயிலும் சூடும் அவளுக்குச் சலித்துப்போன சமாச்சாரம். “மாப்பிள்ளையைப் பாருன்னா முகத்தைத் திருப்பிக்கறா, சூரியனைப் பாக்கறதுக்கு மட்டும் ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கறா,” என்பாள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் நுழையும்போதே செய்தி சொல்வாள். “நேத்து நடுவுல இருந்த புள்ளி ரெண்டா பிரிஞ்சிடுச்சு.” “இன்னிக்கு ஒண்ணு வேலி மாதிரி வரிசையா நின்னுச்சு, பாதி ஓரம்.” செய்தித்தாளில் சொந்த வீட்டு விஷயம் வந்ததுபோலச் சொல்வாள். நான் கைபேசியில் விளக்கம் தேடிச் சொல்வேன். “அப்படியா?” என்று கேட்டுக்கொள்வாள். ஆனால் நான் சொல்வதைவிட அவள் பார்த்தது எப்போதும் பெரிதாக இருக்கும்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். பதினோரு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் வரைந்த தாளையும் தொலைநோக்கியையும் ஒன்றாக வைத்து நான் பார்க்கவில்லை. தாளை ஸ்கேன் செய்வேன், அனுப்புவேன். அக்கா வரைந்தது சரியாக இருக்குமென்று நம்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அளவுக்கு அதை நான் மதிக்கவில்லை என்றும் சொல்லலாம். எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை.

*

அந்த மூன்று நாளும் வீட்டில் அம்மாதான் செய்தி கடத்தினாள். “உங்க அக்கா கேக்கறா, ஞாயித்துக்கிழமை எந்த பஸ்ஸுன்னு.” “உன் தங்கச்சி சொல்றா, நாப்பத்தேழுன்னு.” கடைசியில் அம்மாவுக்கே பொறுமை போய்விட்டது. “நான் என்ன தபால்காரியா? ரெண்டும் ஒரே கட்டில்ல படுத்திருக்குதுங்க!”

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அக்கா பெட்டியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள். பாதி வழியில் ஜன்னலைப் பார்த்தபடியே, “அவங்க என்னை வரையச் சொன்னா வரைவேன். சேத்துக்கலைன்னாக்கூடப் பரவாயில்லை. பொய்க்காரின்னு எழுதி வெக்கக் கூடாது. அவ்வளவுதான்,” என்றாள். எனக்குச் சொன்னாளா, பெட்டிக்குச் சொன்னாளா தெரியவில்லை. ஆனாலும் பேசிவிட்டாளே என்று இருந்தது.

கூட்டம் ஒரு நூலகத்தின் மொட்டை மாடியில். ஏழு தொலைநோக்கிகள் ஏற்கனவே நின்றன. மருந்துக்கடை அம்மா தலையில் அகலத் தொப்பியும் கையில் தடித்த கோப்புமாக வந்தார். ஐம்பது வயது இருக்கும். மாத்திரையை எண்ணிப் போடுகிறவர்களுக்கே உரிய நிதானம்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா,” என்றார் அக்காவிடம். “ஏற்கனவே ஒருத்தர் இப்படி ரெண்டு வருஷம் நெட்டைப் பாத்து வரைஞ்சு எங்களை ஏமாத்தினாரு. அதுல இருந்து நான் கொஞ்சம் கறார்.”

“கறாராவே இருங்க,” என்றாள் அக்கா. “போனை நீங்களே வெச்சுக்கங்க.” தன் போனை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, “இவளுதையும் வாங்கிக்கங்க. இவதான் படிச்சவ,” என்றாள்.

ஏழெட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடானது.

பரீட்சை எளிது. பதினொன்றிலிருந்து பதினைந்து நிமிடம் எல்லாரும் அவரவர் தொலைநோக்கியில் பார்த்து வரைய வேண்டும். மருந்துக்கடை அம்மா அக்காவின் பின்னால் நிற்பார். அக்கா கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டாள். சூரியன் நகர நகர, இடது விரலால் குழாயைத் தட்டித் தட்டி நகர்த்திக்கொண்டாள். வலது கை தாளில் இருந்தது. தாளைப் பார்க்கவே இல்லை.

நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“எழும்புது!” என்று கத்தினாள் அக்கா. “ஓரத்துல பாருங்க, எழும்புது! நகருது, கண்ணால பாக்கவே நகருது!”

குழுவின் பஸ் ஓட்டுநர் தன் தொலைநோக்கியிலிருந்து பதில் கத்தினார். “ஆமாம்மா! ஆமா, ஆமா! அடேங்கப்பா!”

மாடியே பரபரத்தது. கணக்கு டீச்சர் பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு நொடி தன் தொலைநோக்கியில் பார்க்க இடம் விட்டார். இடது ஓரத்தில் ஒரு பிழம்பு கயிறு முறுக்கியதுபோலத் திரிந்து எழுந்துகொண்டிருந்தது. வழக்கமாக மேகம் மாதிரி அசையாமல் நிற்பது, இன்று வேர் பறிந்த மாதிரி மேலே போகிறது. படிப்பில் இதைப் பற்றி ஒரு பத்தி வந்திருக்கிறது. அந்தப் பத்தியில் சத்தமில்லை, அவசரமில்லை, யாரும் கத்தவில்லை.

பதினைந்து நிமிடம் முடிந்ததும் மருந்துக்கடை அம்மா தாள்களை வாங்கினார். ஓட்டுநர் தன் தாளையும் அக்காவின் தாளையும் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது? எனக்கு இடப்பக்கம் எகிறுது, உங்களுக்கு வலப்பக்கம் எகிறுது?”

“எனக்கும் இடப்பக்கம்தான்,” என்றாள் அக்கா.

“நீங்க வரைஞ்சிருக்கறது வலப்பக்கம்மா.”

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். “சரியாத்தானே இருக்கு?” என்றாள். அவள் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. அதுதான் எல்லாரையும் குழப்பியது. போன் இரண்டும் மருந்துக்கடை அம்மாவின் பையில். கண் தொலைநோக்கியில். காப்பி அடிக்க வழியே கிடையாது. ஆனால் படம் மட்டும் இணையத்தில் இருக்கும் படத்தைப் போல.

மருந்துக்கடை அம்மா கொஞ்சம் யோசித்தார். “மறுபடி குனிங்க. கண்ணை எடுக்காதீங்க. அது எந்தப் பக்கம் இருக்கு? இடது கையை நீட்டிக் காட்டுங்க.”

அக்கா இடது கையை இடது பக்கம் நீட்டினாள்.

“அப்படியே வலது கையால வரைங்க.”

பென்சில் நேராக வட்டத்தின் வலது ஓரத்துக்குப் போனது. கொஞ்சமும் தயங்கவில்லை.

“ஒரு கை இந்தப் பக்கம்ங்குது, இன்னொண்ணு அந்தப் பக்கம்ங்குது!” என்றார் ஓட்டுநர். “என் பஸ்ல இப்படி இன்டிகேட்டர் போட்டா என்னைத் தூக்கி உள்ளே வெச்சிடுவாங்க.”

அக்கா துணியை விலக்கி நிமிர்ந்தாள். நீட்டிய இடது கையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பென்சில் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். பென்சிலைப் பிடிப்பதுபோல அவள் அதைப் பிடித்திருக்கவில்லை. கத்தியைப் பிடிப்பதுபோல ஆள்காட்டி விரலை மேலே அழுத்திப் பிடித்திருந்தாள்.

“ஐயய்யோ,” என்றாள். “நான் வரையவே இல்லைங்க. இத்தனை நாளும் வெட்டிக்கிட்டிருந்திருக்கேன்.”

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான்தான் சொன்னேன்: அக்கா ஸ்டாம்ப் வெட்டுகிறவள். பதினேழு வருடமாக இடது பக்கம் இருப்பதைப் பார்த்தால் அவள் கை வலது பக்கத்தில் வெட்டும். கண்ணாடி சூரியனை ஒரு முறை திருப்புகிறது, அவள் கை இன்னொரு முறை திருப்பி அதை நேராக்கிவிடுகிறது. குழு மூன்றாவது முறை திருப்பியது.

“அதான் பின்னாடி சுத்தியிருக்கு!” என்று ஓட்டுநர் தொடையில் தட்டிக்கொண்டார்.

மருந்துக்கடை அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னிக்கு வரைஞ்சதை நம்பறேன். இனிமே வரையப்போறதையும் நம்பறேன். சேத்துக்கறேன்,” என்றார். “ஆனா அந்த எரநூத்துச் சொச்சம்? உங்க கை இப்படின்னு இன்னிக்குத் தெரிஞ்சுது. அதனால அன்னிக்கு நீங்க நெட்டைப் பாக்கலைன்னு ஆகுமா? சந்தேகம் இருக்கறதை நான் பதிவேட்டுல ஏத்த முடியாதும்மா. புதுசா ஆரம்பிச்சுடுங்களேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஏதோ பேச வாயைத் திறந்தேன். ஆனால் நானே மூன்று நாளுக்கு முன்னால் இதே கேள்வியைத்தானே கேட்டேன்?

அக்கா கோபப்படவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளர் அச்சு சரியில்லை என்று சொன்னால் எப்படிக் கேட்பாளோ, அப்படிக் கேட்டாள். “அந்த நெட்டு எப்பவாவது படுத்துக்கிச்சா?”

“என்னது?”

“படம் வராத நாள் ஏதாவது இருக்கா? அன்னிக்கு நான் வரைஞ்சது இருந்தா எடுங்க. உங்க ஆளுங்க வரைஞ்சதோட வெச்சுப் பாருங்க. ஒத்துப்போகலைன்னா மொத்தத்தையும் நானே வாங்கிக்கிட்டுப் போயிடறேன். இன்னிக்கு வரைஞ்சதையும் சேத்து.”

“அக்கா!” என்றேன்.

“நீ சும்மா இரு.”

எந்த நாளில் என்ன வரைந்தாள் என்று அவளுக்கே நினைவிருக்குமா? மேகம் மூடி அரைகுறையாகப் பார்த்த நாளாக இருந்தால்? மருந்துக்கடை அம்மா கோப்பைப் புரட்டினார். அவரிடம் அதற்கும் ஒரு குறிப்பு இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால், செயற்கைக்கோளில் ஏதோ கோளாறு என்று இரண்டு நாள் படமே வரவில்லை. முதல் நாள் எங்கும் மேகம், யாரும் வரையவில்லை. இரண்டாம் நாள் ஓட்டுநரும் கணக்கு டீச்சரும் வரைந்திருந்தார்கள்.

நான் அனுப்பியதை அச்செடுத்து வைத்திருந்த அக்காவின் தாள்களை விரலை நனைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். எனக்கு அந்தச் சரசரப்பு முடிவே இல்லாததுபோல இருந்தது.

“இருக்கு,” என்றார். “பன்னெண்டு அம்பது.”

“வெளிச்சத்துல வெச்சுப் பாக்கணும்,” என்றார் கணக்கு டீச்சர். மாடிப்படி அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். அந்த நாளில் ஓட்டுநர் வரைந்த தாளை ஜன்னலில் வைத்து ஒருவர் பிடித்தார். அக்காவின் தாளைப் பின்பக்கம் தெரியும்படி திருப்பி மருந்துக்கடை அம்மா அதன்மேல் வைத்தார். வட்டமும் வட்டமும் சேரும்வரை மெதுவாக நகர்த்தினார். ஏழு தலைகள் மோதிக்கொண்டன.

மேலே இரண்டு கரும்புள்ளிக் கூட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. நடுவில் வளைந்து கிடந்த கறுப்பு இழை, இழையின் மேலேயே விழுந்தது. கீழ் ஓரத்தில் கொக்கி மாதிரி ஒரு பிழம்பு. ஓட்டுநரின் கொக்கியில் அக்காவின் கொக்கி மாட்டிக்கொண்டது.

“ஏங்க, இந்தச் சின்னப் பொட்டைப் பாருங்க,” என்றார் கணக்கு டீச்சர். குரல் கிறீச்சிட்டது. கொக்கியிலிருந்து அறுந்து தனியாக மிதக்கும் ஒரு கடுகளவு துணுக்கு. அக்கா வரைந்திருந்த அது ஓட்டுநரின் தாளில் இல்லை. டீச்சர் அதே நாளில் தான் வரைந்த தாளைக் கோப்பிலிருந்து பிடுங்கி வைத்தார். இருந்தது. அதே இடத்தில். “நான் இதை வரைஞ்சுட்டு, தூசியோ என்னவோன்னு ஆறு மாசமா நினைச்சுக்கிட்டிருந்தேன்!”

“அப்ப எனக்குத்தான் கண்ணு தெரியலை,” என்றார் ஓட்டுநர்.

மருந்துக்கடை அம்மா தாளைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஏத்திடலாம்,” என்றார். “அத்தனையும்.”

நான் குதித்தேன் என்று நினைக்கிறேன். யாரையோ கட்டிப்பிடித்தேன், அது டீச்சர். “அக்கா!” என்று திரும்பினேன்.

அக்கா அங்கே இல்லை.

ஜன்னல் பக்கம் அவள் வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெளியே ஓடினோம். எட்டுத் தொலைநோக்கிகளில் ஏழு ஆளில்லாமல் வானத்தைப் பார்த்து நின்றன. எட்டாவதன் பின்னால் கறுப்புத் துணியின் கீழே அக்கா. காலடியில் மூன்று தாள்கள், பறக்காமலிருக்க ஒன்றின் மேல் செருப்பு, ஒன்றின் மேல் சாப்பாட்டு டப்பா, ஒன்றின் மேல் பெட்டி மூடி. நாலாவது தாளில் கை ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, ஏத்திட்டாங்க! எல்லாத்தையும் ஏத்திட்டாங்க!”

“சரி, சரி, கத்தாதே. இது அறுந்துடுச்சுடி. நீங்கல்லாம் அங்க நின்னுக்கிட்டிருந்தப்ப அறுந்துடுச்சு.”

ஓட்டுநர் தன் தொலைநோக்கிக்குப் பாய்ந்தார். குனிந்தார். “எங்க? ஒண்ணும் காணோமே?”

“போயிடுச்சு. மேலே எகிறி, கயிறு மாதிரி அறுந்து, தூள் தூளாப் போயிடுச்சு. இப்ப கடைசித் துணுக்கு மட்டும் மங்கலா தெரியுது, ஓரத்துல இருந்து நாலு விரல் தள்ளிப் பாருங்க.”

கணக்கு டீச்சர் கீழே குனிந்து செருப்பை நகர்த்தி முதல் தாளைப் பார்த்தார். பிறகு இரண்டாவது. ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றிலும் பிழம்பு உயர்ந்துகொண்டே போனது. மூன்றாவதில் அடி அறுந்து வானில் மிதந்தது. எல்லாம் வலப்பக்கத்தில்.

“இது யார்கிட்டயும் இல்லை,” என்றார் டீச்சர். “நாம எல்லாரும் ஜன்னல்ல தலையை முட்டிக்கிட்டிருந்தோம்.”

அவர்கள் எல்லாரும் பத்து வருடம், பதினைந்து வருடம் வெயிலில் நின்று இப்படி ஒன்றுக்காகவே காத்திருந்தவர்கள். ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு காலித் தாளை எடுத்து, அக்காவின் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

மருந்துக்கடை அம்மா அக்காவின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு வெயிலில், சிமெண்டுத் தரையில். கோப்பைத் திறந்து அன்றைய பக்கத்தை எடுத்தார். முதல் தாளை வழக்கம்போலத் திருப்பப் போன கை, பாதியில் நின்றது. திருப்பாமலே வைத்தார்.

“இனிமே நேரா வரையப் பழகிக்கறேங்க,” என்றாள் அக்கா துணிக்குள்ளிருந்து.

“வேண்டாம்மா. அப்புறம் உங்க கடையில ஸ்டாம்ப் எல்லாம் இடம் வலமா விழும். உங்களுதை மட்டும் நான் திருப்பலை, அவ்வளவுதானே.” பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். “அறுந்தது எத்தனை மணிக்கு? சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“பதினொன்னு முப்பத்தேழு,” என்றாள் அக்கா. கண்ணை எடுக்கவில்லை. “அதுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்றேன். இன்னும் முடியலை. கொஞ்சம் பேசாம இருங்க.”